இலவசப் பாடநெறியில் இலவசம் எதுவரை? வரலாறு, கலை, மொழி படிக்க நினைப்பவர்களுக்கு

கொழும்பில் வேலை முடிந்து வீடு வந்து சேரவே இரவு ஏழு மணியாகிவிடுகிற ஒருவருக்கு வரலாறோ சிற்பக்கலையோ ஜெர்மன் மொழியோ படிக்கும் ஆசை வந்தால், அவர் முதலில் தேடுவது கைத்தொலைபேசியில்தான். தேடிய இடமெல்லாம் ‘இலவசம்’ என்றே இருக்கும். பெயரைப் பதிந்து இரண்டு வாரம் போனதும் ஒரு பக்கம் திறக்க மறுக்கும், அல்லது கடனட்டை எண்ணைக் கேட்கும். பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

இந்த ஏமாற்றத்தில் பாதியைத் தவிர்க்கலாம். வரலாறு, கலை, மொழி ஆகிய மூன்றிலும் இலவசம் ஒரே இடத்தில் முடிவதில்லை. வரலாற்றில் உலகத்தரமான விரிவுரை கிடைக்கிறது, ஆனால் நம் ஊரைப் பற்றிய பாடநெறி இல்லை. கலையில் படமும் விளக்கமும் அள்ளக் கிடைக்கின்றன, கைப்பயிற்சி கிடைப்பதில்லை. மொழியில் பாடம் இருக்கிறது, பிழை திருத்த ஆள் இல்லை. எது எங்கே நிற்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் மிச்சத்தைக் கொழும்பிலேயே தேடிக்கொள்ளலாம். பெரும்பாலும் அதற்கும் காசு தேவைப்படாது.

பெரிய தளங்கள் எப்படிச் சுருங்கின

கோர்செரா, எட்எக்ஸ் இரண்டும் 2012 இல் தொடங்கியவை. முதலாவது ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த அண்ட்ரூ இங், டாஃப்னி கொல்லர் ஆகியோர் தொடங்கிய நிறுவனம். இரண்டாவது ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து இலாப நோக்கமின்றித் தொடங்கியது. பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகம் அதே ஆண்டின் கடைசியில் ஃபியூச்சர்லேர்னைத் தொடங்கியது. அப்போது ஏறக்குறைய எல்லாமே திறந்து கிடந்தது: காணொளி, வினா, கலந்துரையாடல், சில இடங்களில் சான்றிதழும்கூட.

பிறகு கணக்கு உதைத்தது. காணொளி தயாரிக்கவும் தளத்தை நடத்தவும் பெரும் செலவு பிடிக்கிறது. சேர்ந்தவர்களில் பெரும்பான்மையோர் ஒரு சதமும் கட்டுவதில்லை. எட்எக்ஸ் 2021 இல் டூயூ என்ற நிறுவனத்துக்கு 80 கோடி டொலருக்கு விற்கப்பட்டது. அந்த டூயூவே 2024 ஜூலையில் கடன் சுமையால் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. ஃபியூச்சர்லேர்ன் 2022 இல் தனியார் கைக்குப் போனது. இந்தப் போக்கில் இலவசப் பகுதி ஆண்டுக்கு ஆண்டு மெலிந்தது.

இன்று எட்எக்ஸில் சான்றிதழ் இல்லாத ‘ஓடிட்’ பாதையில் சேரலாம். மதிப்பெண் வழங்கும் வினாக்கள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். பாடநெறிக்கு மதிப்பிட்ட காலம் முடிந்ததும் உள்ளே போக முடியாது. ஃபியூச்சர்லேர்னிலும் கால எல்லை உண்டு. கோர்செராவில் நிலை இன்னும் சிக்கல். பல பாடநெறிகளில் முதல் பகுதி மட்டுமே கட்டணமின்றித் திறக்கும். ‘ஏழு நாள் இலவசம்’ என்பது சந்தாவுக்கான முன்னோட்டம். அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டு மறந்தால் எட்டாம் நாள் டொலரில் பணம் போய்விடும். அட்டை எண்ணைக் கேட்கிற இடத்தில் நீங்கள் இலவசப் பாதையில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் வழியும் அங்கே இருக்கிறது. பரிசீலிக்க இரண்டு வாரமளவில் ஆகும் என்பதால், அவசரத்துக்கு அது உதவாது.

இந்தத் தளங்களில் சேரும் முன் ஒரு காரியம் செய்யுங்கள்: வார எண்ணிக்கையைப் பார்த்து, முடிவுத் திகதியை நாட்காட்டியில் குறியுங்கள். ஹார்வர்ட், எம்.ஐ.டி. எட்எக்ஸ் பாடநெறிகளை ஆராய்ந்து 2019 இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த கட்டுரையின்படி, 2017–18 இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம்தான். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் அது 46 சதவீதம். பணம் கட்டினால்தான் மூளை வேலை செய்யும் என்று இதற்கு அர்த்தமில்லை. முடிக்கிற எண்ணத்தோடு வருகிறவர்தான் பெரும்பாலும் பணமும் கட்டுகிறார். இலவசமாகப் படிப்பவருக்கு அந்தப் பிடிமானம் வேறு எங்கிருந்தாவது வரவேண்டும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மூன்று பேர் சேர்ந்து ஒரே பாடநெறியை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடிப் பேசினால் அதுவே போதும்.

சான்றிதழ் பற்றி ஒரே ஒரு வார்த்தை. தகவல் தொழில்நுட்பத்திலோ கணக்கியலிலோ இணையச் சான்றிதழுக்கு வேலைச் சந்தையில் ஓரளவு பெறுமதி இருக்கலாம். வரலாற்றிலும் கலையிலும் அது ஒரு கடதாசி. கட்டாயம் வேண்டுமென்றால் பிரிட்டிஷ் திறந்த பல்கலைக்கழகத்தின் ஓப்பன்லேர்ன் தளத்தில் படியுங்கள். 2006 இல் தொடங்கிய அந்தத் தளம் பாடநெறியை முடித்ததும் பங்கேற்புச் சான்றைக் கட்டணமில்லாமலே தருகிறது. இந்திய அரசின் சுவயம் தளத்தில் (2017) பாடங்களைக் கொழும்பிலிருந்தும் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் இந்தியாவிலுள்ள பரீட்சை நிலையத்தில் கட்டணம் கட்டி எழுதவேண்டும் என்பதால், அதைப் பாடத்துக்காக மட்டும் பயன்படுத்துங்கள்.

பூட்டில்லாத விரிவுரைகள்

விளம்பரம் குறைந்ததாலேயே பலருக்குத் தெரியாத இன்னொரு வகை இருக்கிறது. எம்.ஐ.டி. 2001 இல் அறிவித்த ஓப்பன்கோர்ஸ்வெயர், யேல் பல்கலைக்கழகம் 2007 டிசம்பரில் தொடங்கிய ஓப்பன் யேல் கோர்சஸ் ஆகியவற்றில் பதிவு, கடவுச்சொல், காலக்கெடு எதுவும் இல்லை. பொருட்கள் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் கொமன்ஸ்) உரிமத்தில் வெளியானவை. வணிக நோக்கமில்லாமல் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம், நண்பருக்கும் கொடுக்கலாம். தளம் நாளை மூடப்பட்டாலும் உங்கள் கையிலிருக்கும் பிரதி இருக்கும். எங்கள் பார்வையில் இலவசம் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி இவற்றுக்குத்தான்.

யேலில் டொனால்ட் கேகனின் பண்டைய கிரேக்க வரலாறு, போல் ஃப்ரீட்மனின் ஆரம்ப இடைக்காலம் (284–1000), டயானா கிளைனரின் ரோமானியக் கட்டடக்கலை, கிரெய்க் ரைட்டின் மேலைச் செவ்வியல் இசை, போல் ஃப்ரையின் இலக்கியக் கோட்பாடு ஆகியவை இன்றும் அப்படியே இருக்கின்றன. ஒரு பாடநெறியில் இருபது முதல் இருபத்தாறு விரிவுரைகள் வரை இருக்கும்; ஒன்று 50 நிமிடமோ 75 நிமிடமோ ஓடும். வகுப்பறையில் எடுத்த பதிவுகள் ஆதலால் வெட்டி ஒட்டிய அழகு இராது. ஆனால் ஒரு வாதம் ஐம்பது நிமிடத்தில் எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்க்கலாம். ஆறு நிமிடத் துண்டுகளாக நறுக்கிய புதிய பாடநெறிகளில் அது கிடைக்காது.

ஒவ்வொரு விரிவுரைக்கும் ஒலிக்கோப்பும் முழு எழுத்துப் பிரதியும் இருப்பதுதான் நமக்கு முக்கியம். டேட்டாக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். யூடியூபில் 480 தரத்தில் ஒரு மணி நேரம் பார்க்கச் சராசரியாக அரை ஜி.பி. போகும், 720 தரத்தில் ஒரு ஜி.பி.யைத் தாண்டும். 64 கிலோபிட் ஒலிக்கோப்பு ஒரு மணிக்கு 29 எம்.பி.தான். எழுத்துப் பிரதி அதில் தூசி. வரலாற்று விரிவுரைக்கு முகம் பார்க்கத் தேவையில்லை. பஸ்ஸில் ஒலியைக் கேட்டு, வீட்டில் பிரதியைப் படித்தால் போதும். கட்டடக்கலை, ஓவியம் இரண்டுக்கும் படம் இல்லாமல் முடியாது. அவற்றை மட்டும் இரவு நேர டேட்டாவில் இறக்கி வையுங்கள்.

ஆங்கிலம் தடையாக இருப்பவர்கள் யூடியூபின் தானியங்கித் தமிழ் வசனவரியை நம்பி இறங்குகிறார்கள். பொதுப் பேச்சுக்கு அது பரவாயில்லை. வரலாற்றில் அது கெடுப்பது பெயர்களை: ஆளின் பெயர், ஊரின் பெயர், பதவியின் பெயர் மூன்றையும் சாதாரணச் சொல்லென்று நினைத்து மொழிபெயர்த்துவிடும். வேகத்தை 0.75 ஆகக் குறைத்து, ஆங்கிலப் பிரதியைக் கண்முன் வைத்து, தெரியாத சொல்லை மட்டும் அகராதியில் பார்ப்பது மெதுவான வழிதான். ஆனால் நான்கைந்து விரிவுரைக்குள் ஒரே பேராசிரியரின் சொல்வளம் பிடிபட்டுவிடும். அதன் பிறகு அகராதியை எடுக்கும் தடவை குறையும்.

வாரம் இரண்டு விரிவுரை என்றால் ஒரு பாடநெறி பன்னிரண்டு பதின்மூன்று வாரத்தில் முடியும். அதற்குமேல் வேகம் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பிறகு பிரதியை மூடிவிட்டு, தமிழில் இருநூறு சொல்லில் வாதத்தை எழுதுங்கள்: ஆசிரியர் எதை நிறுவ வந்தார், எந்தச் சான்றைக் காட்டினார், எது பலவீனம். இந்த மூன்றில் இரண்டாவதை எழுத முடியாவிட்டால் விரிவுரை வெறும் கதையாகத்தான் உள்ளே போயிருக்கிறது. அதை மறுபடியும் கேட்க வேண்டும்.

நம் ஊர் வரலாற்றுக்குப் பாடநெறி இல்லை, சான்று இருக்கிறது

சீன வரலாற்றுக்கு ஹார்வர்டின் சைனாஎக்ஸ் வரிசை உண்டு, ரோமுக்கு யேல் உண்டு. இலங்கை வரலாற்றுக்கு, அதிலும் தமிழ்ச் சாசனங்களுக்கு, அந்தத் தரத்தில் இணையப் பாடநெறி கிடையாது. ஆனால் பாடநெறி செய்யத் தேவையான மூலப்பொருள் ஏராளமாகத் திறந்து கிடக்கிறது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றிப் படிப்பதுதான் இங்கே சரியான வழி.

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் காலி மும்மொழிக் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். மிங் அரசின் கடற்படைத் தலைவர் செங் ஹ நாட்டியது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில் இருக்கின்றன. திகதி 1409 பெப்ரவரிக்கு உரியது. 1911 இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் எழுந்தருளிய, விஷ்ணுவின் அவதாரமாகச் சொல்லப்படும் தென்னவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபுக்கும் காணிக்கை சொல்கின்றன. காணிக்கைப் பட்டியல் மட்டும் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே: ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் என்று போகிறது. பாரசீகப் பகுதிதான் அதிகம் சிதைந்துவிட்டது.

முதல் வேலை பின்னணி. சைனாஎக்ஸில் மிங் காலப் பகுதியை மட்டும் பாருங்கள், முழு வரிசையும் தேவையில்லை. செங் ஹவின் ஏழு பயணங்களும் 1405 முதல் 1433 வரையானவை. கல் எந்தப் பயணத்தைச் சேர்ந்தது என்று முடிச்சுப் போட அந்த ஆண்டு வரிசை வேண்டும். இரண்டாவது, வாசிப்பு. தமிழ்ப் பகுதியைத் தொல்லியலாளர் பரணவிதான வாசித்து, இலங்கைக் கல்வெட்டுகளின் தொகுப்பான எபிகிராஃபியா செய்லனிக்காவின் மூன்றாம் தொகுதியில் வெளியிட்டார். அத்தொகுதியின் வருடலை (ஸ்கேன் செய்த பிரதியை) இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இலவச மின்னூலகத்தில் பார்க்கலாம். பாடத்தை உங்கள் கையால் ஒருமுறை படியெடுங்கள்.

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். அக்காலக் கல்வெட்டுத் தமிழில் புள்ளி பெரும்பாலும் இராது. மெய்யா உயிர்மெய்யா என்பதை இடம்பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டப்படுவதில்லை. துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். வடசொற்களுக்குக் கிரந்த எழுத்து இடையில் வந்துவிடும். ஆகவே அச்சில் இருக்கும் வாசிப்பு ஆசிரியரின் முடிவு. கல்லில் அப்படியே வெட்டியிருப்பதாக எண்ணக்கூடாது. சதுர அடைப்புக்குள் இருப்பவை சிதைந்த இடத்தில் ஊகித்து இட்டவை. கட்டுரை எழுதும்போது அந்த அடைப்பை விட்டுவிட்டு மேற்கோள் காட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

பிறகு அருங்காட்சியகத்துக்குப் போய்க் கல்லைப் பாருங்கள். படத்தில் தெரியாத ஒன்று அங்கே தெரியும்: மூன்று மொழிகளுக்கும் ஒதுக்கிய இடத்தின் அளவு. கல்லை யார் எந்த வாசகருக்காகத் திட்டமிட்டார்கள் என்று யோசிக்க அதுவே தொடக்கம்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் நூலகம் நிறுவனத்தின் மின்னூலகம்தான் முதல் வாசல். 2005 இல் தொடங்கிய இந்தத் தன்னார்வ முயற்சியில் இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் எல்லாம் வருடிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஒரு சமூகத்துக்கு இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. தேடுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோப்புகளில் பல வெறும் படங்கள். அவற்றின் உள்ளே இருக்கும் சொல்லைத் தேடல் பெட்டி காணாது. ஆனால் பல சஞ்சிகைகளின் பக்கத்தில் அந்த இதழின் உள்ளடக்கம் தட்டெழுதப்பட்டிருக்கும். ஆகவே பொருளைத் தேடாமல் கட்டுரைத் தலைப்பில் வரக்கூடிய சொல்லைத் தேடுங்கள், ஆசிரியர் பெயரைத் தேடுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் சஞ்சிகையை ஆண்டு வரிசையில் திறந்து கையால் புரட்டுவதுதான் மிச்சம்.

பக்கத்தை எழுத்தாக்க கூகிள் டிரைவில் ஏற்றி ஆவணமாகத் திறக்கலாம். தமிழை நன்றாகவே வாசிக்கும். நீண்ட கோப்பைச் சில பக்கங்களாகப் பிரித்து ஏற்றுங்கள். பழைய அச்சில் ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை வடிவிலும் ணா, றா, னா ஆகியவை ஒட்டெழுத்திலும் இருக்கும். தமிழ்நாட்டில் 1978 சீர்திருத்தத்துக்குப் பிறகு இவை போய்விட்டன. இலங்கை அச்சகங்களில் மேலும் சில காலம் இருந்தன. மென்பொருள் பிழை விடுவது பெரும்பாலும் இந்த எழுத்துகளில்தான். ‘தேடி மாற்று’ வசதியில் அவற்றை மட்டும் முதலில் திருத்தினால் பாதி வேலை முடிந்துவிடும்.

செவ்விலக்கியப் பாடம் தேவையென்றால் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பாடத்திட்டமும் இருக்கின்றன. பின்னதில் தமிழ்ப் பட்டப்படிப்புக்கான பாடங்களையே பதிவின்றிப் படிக்கலாம். உயர்தரத்துக்குத் தமிழ் எடுக்கும் பிள்ளைகளுக்கு இலக்கண, இலக்கிய வரலாற்றுப் பகுதிகள் நேரே பயன்படும். ஆனால் எழுத்தாளர் தெரிவு தமிழ்நாட்டுப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை மனத்தில் வையுங்கள்.

ஒல்லாந்தர் காலத்தில் ஆர்வம் உள்ளவருக்கு இப்போது நல்ல காலம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் (கொழும்புச் சுவடிக்கூடத்தில் உள்ளவையும் சேர்ந்து 2003 இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றவை) நெதர்லாந்தில் இலட்சக்கணக்கில் வருடப்பட்டுவிட்டன. குளோபலைஸ் என்ற திட்டம் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பக்கங்களைக் கணினியால் வாசிக்கவைத்து, சொல் தேடக்கூடியதாக்கியிருக்கிறது. யாழ்ப்பாணத்தைத் தேட ஒரு எழுத்துக்கூட்டல் போதாது. எழுதிய குமாஸ்தாக்கள் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். ஐந்தாறு வடிவத்தையும் போட்டுப் பாருங்கள். கையெழுத்து வாசிக்கும் பழக்கத்துக்கு பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் இலவசப் பயிற்சி (1500–1800) நல்ல தொடக்கம். அது ஆங்கிலக் கையெழுத்துக்கானது, இருந்தாலும் கண்ணைப் பழக்கும்.

கலை: பார்ப்பது எளிது

ஓவியம், சிற்பம் என்றால் 2005 இல் பெத் ஹரிஸ், ஸ்டீவன் சுக்கர் தொடங்கிய ஸ்மார்ட்ஹிஸ்டரியை மிஞ்ச இலவசத்தில் வேறொன்று இல்லை. ஒரு படைப்பின் முன் நின்று இரண்டு பேர் பேசுகிற ஐந்தாறு நிமிடக் காணொளிகள், கீழே கட்டுரை. நியூயோர்க் மெட் அருங்காட்சியகம் 2017 பெப்ரவரியில் பொதுவெளிக்கு உரிய தன் படைப்புகளின் படங்களை எந்த உரிமமும் இன்றித் திறந்துவிட்டது. அது பதிப்பித்த பழைய கலை நூல்கள் பலவற்றை முழுமையாக இறக்கலாம். அமெரிக்காவின் கெட்டி கலை நிறுவனத்தின் மின்னூலகமும் அப்படித்தான்.

கைத்தொலைபேசித் திரையில் எல்லாப் படைப்பும் ஒரே அளவு. உள்ளங்கை அளவுச் செப்புத் திருமேனியும் ஆளுயரச் சிற்பமும் அங்கே ஒன்றாகத் தெரியும். ஆகவே உயரம், அகலம், பொருள் மூன்றையும் முதலில் குறியுங்கள். ஒரு அளவுநாடாவால் அந்த உயரத்தைச் சுவரில் அடையாளமிட்டுப் பாருங்கள். விளக்கத்தைப் படிக்கும் முன் பத்து நிமிடம் படத்தைப் பார்த்து, கண்டதை மட்டும் எழுதுங்கள். ‘தெய்வீக அமைதி’ என்று எழுதினால் அடித்துவிடுங்கள். இடது முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, எடை எந்தக் காலில் நிற்கிறது என்று எழுதுங்கள்.

சோழர் செப்புத் திருமேனிகளை இப்படிப் பயில்பவருக்குக் கொழும்பில் ஒரு கொடுப்பினை உண்டு. பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த திருமேனிகள் தேசிய அருங்காட்சியகத்திலேயே இருக்கின்றன. மெழுகில் உரு செய்து, மேலே மண் பூசி, சுட்டு மெழுகை வடித்து, உலோகம் ஊற்றும் முறையில் அச்சை உடைத்தால்தான் உரு வெளிவரும். எனவே இரண்டு திருமேனி ஒன்றுபோல் இராது. தஞ்சாவூர்ப் பாணியைத் திரையில் படித்துவிட்டுப் போய், இங்குள்ள காரைக்கால் அம்மையாரையும் சுந்தரரையும் அதனோடு ஒப்பிட்டால் வேறுபாட்டை உங்கள் கண்ணே சொல்லும். அதே கட்டடத்தில், 1765 இல் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் எடுத்துச் சென்று 2023 டிசம்பரில் திரும்பி வந்த அலங்காரப் பீரங்கியும் இருக்கிறது. அதைப் பற்றி நெதர்லாந்தின் ரைக்ஸ் அருங்காட்சியகம் வெளியிட்ட ஆய்வைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரு பொருளின் உடைமை வரலாற்றை எப்படித் தேடுவது என்பதற்கு நல்ல மாதிரி அது.

பாட்டும் நடனமும் வேறு கதை. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கான அறிமுறைப் பகுதியை இணையத்தில் தாராளமாகப் படிக்கலாம். செய்முறைக்கு ஆசிரியர் வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் உறவுக்கார ஆசிரியரிடம் சூமில் படிப்பவர்கள் அடிக்கடி ‘சுருதி விட்டுவிட்டுக் கேட்கிறது’ என்பார்கள். தம்புரா தொடர்ந்து ஒரே சீராக ஒலிப்பதால் செயலி அதை விசிறிச் சத்தம் என்று எண்ணி அழித்துவிடுகிறது. ஒலி அமைப்பில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபோர் மியூசிஷியன்ஸ்’ என்பதை இரு பக்கமும் இயக்குங்கள், சுருதிப் பெட்டியை மாணவர் பக்கம் தனியாக வையுங்கள். ஒலி போய் வரத் தாமதம் இருப்பதால் இருவரும் ஒரே தாளத்தில் சேர்ந்து பாட முடியாது. ஆசிரியர் பாட, மாணவர் திருப்பிப் பாடும் முறைதான் சரிவரும். இலவசக் கணக்கில் கூட்டம் நாற்பது நிமிடத்தில் நின்றுவிடும், ஒரு பாடத்துக்கு அது போதும்.

மொழி: கேட்க ஆயிரம், திருத்த ஒருவர்

கொழும்புத் தமிழருக்கு அதிகம் தேவைப்படும் மொழி சிங்களம். டுவோலிங்கோவில் சிங்களம் கிடையாது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழ்மூல மாணவருக்கான ‘இரண்டாம் மொழி சிங்களம்’ பாடநூல்கள் ஆறாம் தரத்திலிருந்து இலவசமாக இருக்கின்றன. பெரியவர்களும் வெட்கப்படாமல் அங்கிருந்து தொடங்கலாம். ஆங்கிலம் தெரிந்தவருக்கு அமெரிக்க வெளிநாட்டுச் சேவை நிறுவகத்தின் சிங்கள அடிப்படைப் பாடம் (1979, பொனி மக்டூகல் எழுதியது) இருக்கிறது. அரச வெளியீடு என்பதால் இலவசமாகக் கிடைக்கிறது. பழையது, ஆனால் வாக்கியப் பயிற்சி அருமை.

தமிழருக்கு இதில் பெரிய வசதி, வாக்கிய ஒழுங்கு ஏறக்குறைய நம்முடையதே. ‘எனக்கு வேண்டும்’ என்பது ‘மட்ட ஓன’. நான்காம் வேற்றுமை அதே இடத்தில் வருகிறது. ஆங்கிலம் வழியாகச் சிந்தித்துச் சிங்களம் பேச முயல்வது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. பேச்சுச் சிங்களத்தில் வினை ஆளுக்கேற்ப மாறுவதில்லை: மம யனவா, ஓயா யனவா, எயா யனவா. எழுத்துச் சிங்களத்தில் அது ‘மம யமி’ என்று மாறும். பாடநூலில் எழுத்து நடையைப் படித்துவிட்டுக் கடையில் அதைப் பேசினால் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். பேச்சுக்கு ஒரு குறிப்பேடும் வாசிப்புக்கு ஒரு குறிப்பேடுமாக இரண்டையும் பிரித்து வையுங்கள்.

தமிழெழுத்தில் சிங்களத்தை எழுதிப் படிப்பதை முதல் வாரத்தோடு நிறுத்துங்கள். தமிழில் க ஒன்றுதான். சிங்களத்தில் வல்லொலிக்கு ஒன்று, மெல்லிய ககரத்துக்கு ஒன்று. கல்லுக்கும் காலத்துக்கும் தமிழெழுத்தில் ஒரே ‘கல’ என்று எழுதவேண்டியிருக்கும். மரத்தண்டும் மலையும் இரண்டுமே ‘கந்த’ ஆகிவிடும். சிங்களத்தில் முன்னதில் மூக்கொலி தொட்டும் தொடாமலும் போகும், பின்னதில் முழுதாக நிற்கும். இந்த வேறுபாட்டைக் காதால்தான் பிடிக்க வேண்டும். சிங்கள எழுத்தைக் கற்க ஒரு நாளைக்கு அரை மணி நேரம் வைத்தால் மூன்று நான்கு வாரம் போதும். கொம்பை மெய்யின் முன்னால் போடுவது நமக்குப் பழக்கமானது என்பதால் ஆங்கிலேயரைவிட வேகமாகவே போவோம்.

திருத்துகிற ஆளுக்குக் காசு தேவையில்லை. சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அரச ஊழியர்களுக்கு இரண்டாம் அரசகரும மொழியாகத் தமிழ்த் தேர்ச்சி தேவைப்படுகிறது. உங்கள் அலுவலகத்திலோ தொடர்மாடியிலோ அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். அரை மணி நேரத்தைச் சரிபாதியாகப் பிரியுங்கள்: பதினைந்து நிமிடம் சிங்களம் மட்டும், பதினைந்து நிமிடம் தமிழ் மட்டும். மணிக்கூடு வைக்காவிட்டால் இரண்டு பேருமே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவீர்கள். பேசும்போது இடைமறிக்க வேண்டாம். மற்றவர் மூன்று பிழையை மட்டும் குறித்துக் கடைசியில் சொன்னால் போதும்.

சொல் மனனத்துக்கு அன்கி செயலி கணினியிலும் அண்ட்ரொய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் விலை. ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையுமாக உள்ள அட்டைகளை அது இடைவெளி விட்டு மறுபடி மறுபடி காட்டும். அதன் இயல்பு அமைப்பில் நாளுக்கு இருபது புதிய அட்டை வரும். புதியதைப்போல் ஏழெட்டு மடங்கு மீள்பார்வை தினமும் சேரும் என்பதால், ஒரு மாதத்தில் நாளுக்கு 150 அட்டை நிற்கும். அப்போது பலர் செயலியையே அழித்துவிடுகிறார்கள். புதியதை ஆறாகக் குறையுங்கள். ஊருக்குப் போய்வந்து குவிந்துவிட்டால் புதியதைப் பூச்சியமாக்கி, பழையதைப் பகுதி பகுதியாக முடியுங்கள். தனிச்சொல் வேண்டாம், நான்கைந்து சொல் கொண்ட வாக்கியமாக அட்டை செய்யுங்கள்.

பிரெஞ்சுக்கு ஆர்.எஃப்.ஐ. வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி தினமும் பத்து நிமிடம், எழுத்துப் பிரதியோடு வருகிறது. ஜப்பானிய மொழிக்கு ஜப்பான் ஃபவுண்டேஷனின் இரோதோரி பாடநூலும் ஒலியும் முழுக்க இலவசம். ஜப்பானில் வேலைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்தே அது எழுதப்பட்டது.

ஜெர்மன் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. கலியாணம் முடித்து அங்கே போகிற பிள்ளைகளுக்கு விசாவுக்காக ஏ1 எனப்படும் தொடக்க நிலைச் சான்றிதழ் வேண்டும். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டொய்ச்ச வெல்லவின் ‘நிக்கோஸ் வேக்’ பாடநெறி ஏ1 முதல் இடைநிலையான பி1 வரை முழுவதும் இலவசம். ஏ1 க்கு 45 நிமிடப் பாட அலகுகள் 80 முதல் 200 வரை தேவை என்பது பரீட்சையை நடத்தும் ஜெர்மன் கலாசார நிலையமான கோத்தே நிறுவகத்தின் கணிப்பு. தமிழிலிருந்து போகிறவர் மேல் எல்லையை எடுத்துக்கொள்ளட்டும்: நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் ஐந்து மாதம். பரீட்சைக்குக் கட்டணம் உண்டு, மாதிரி வினாத்தாளும் ஒலியும் நிறுவகத்தின் தளத்தில் இலவசம்.

பரீட்சையில் கேட்டல் 20 நிமிடம், வாசிப்பு 25, எழுத்து 20, பேச்சு 15 அளவில் நடக்கும். நூற்றுக்கு அறுபது எடுத்தால் சித்தி. இணையத்தில் மட்டும் படித்தவர்கள் புள்ளியை இழப்பது எழுத்திலும் பேச்சிலும். எழுத்தில் ஒரு படிவம் நிரப்பி, முப்பது சொல் அளவில் சிறு செய்தி எழுதவேண்டும். கேட்ட மூன்று குறிப்பில் ஒன்றை விட்டாலும் புள்ளி போகும். எழுதி முடித்ததும் குறிப்புகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பாருங்கள். பேச்சில் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்வார்கள். நம் பெயர்கள் பதினைந்து எழுத்துக்குக் குறையாது. அதில் ஆங்கில ஜே ஜெர்மனில் ‘யொட்’, வி ‘ஃபௌ’, டபிள்யூ ‘வே’, வை ‘உப்ஸிலொன்’. கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப்பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் தடுமாறாமல் சொல்லும் வரை தினம் இரண்டு முறை உரக்கச் சொல்லிப் பழகுங்கள். இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொல்லலாம். இரண்டிரண்டாகச் சொல்லப்போனால் ஜெர்மனில் ஒன்றின் இடம் முன்னே வந்து 24 என்பது ‘நான்கும் இருபதும்’ ஆகிக் குழப்பும். இந்தப் பேச்சுப் பகுதி குழுவாக நடப்பது என்பதால், அட்டையைக் காட்டி எதிரே இருப்பவரிடம் கேள்வி கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத் தனியாகப் பழக முடியாது. அதே பரீட்சை எழுதப்போகிற இன்னும் மூன்று பேரைத் தேடி, கடைசி ஒரு மாதம் வாரம் இருமுறை மாதிரி அட்டைகளோடு உட்காருங்கள்.